முறை வைத்து விழுங்கிய மாத்திரைகள்

ராஜபாளையத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. மில் டைம் ஆபீசில் முப்பத்தோரு வருடம் நான் தேய்த்த நாற்காலியைச் சொல்லவில்லை. அது நான் ஓய்வு பெற்ற மறுநாளே வேறொருவருக்குப் போய்விட்டது. நான் சொல்வது பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில், கல்லாவை ஒட்டிக் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் போவேன். கடைக்காரர் "வாங்க சார்" என்று எழுந்து, தோள் துண்டால் அதைத் துடைத்துப் போடுவார். காபி வரும். ஓய்வு பெற்ற பிறகு இந்த ஊரில் என்னை சார் என்று கூப்பிட மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வருவேன்.

அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வராததால் என் மனைவியின் கண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இதில் வில்லன் நான்தான். கடைசிவரை தேட வேண்டாம்.

எங்கள் இருவருக்கும் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் உண்டு. முப்பத்தைந்து வருடம் ஒரே சாம்பாரைச் சாப்பிட்டதில் வேறு எதில் ஒத்துப்போனோமோ இல்லையோ, வியாதியில் ஒத்துப்போய்விட்டோம். டாக்டர் சீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாத்திரைகள்தான். எனக்குக் கூடுதலாக ஒன்று, நெஞ்சுக்கு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டில் நான் செய்த அதிகாரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்கள் தெரு முனையில் அரசு மானியத்தில் ஒரு மருந்துக் கடை திறந்தார்கள். அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று ஏற்கெனவே இருந்தது. ஒன்று மத்திய அரசுடையது, மற்றது மாநில அரசுடையது. இரண்டு போர்டுகளிலும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பிரஷர் மாத்திரைக்கு இரண்டு அரசாங்கங்கள் போட்டி போடும் பாக்கியம் எத்தனை ஊருக்குக் கிடைக்கும்? டீ குடிக்கப் போகும்போதும் வரும்போதும் அந்த இரண்டு சிரிப்பையும் தாண்டித்தான் நான் போக வேண்டும். கைலி கட்டியவர்கள், தூக்குவாளியோடு நூறு நாள் வேலையிலிருந்து திரும்பும் பெண்கள், லோடுமேன்கள் எல்லாம் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். அங்கே நாற்காலி கிடையாது. சார் என்று கூப்பிடவும் ஆள் கிடையாது. நான் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன்.

எனக்கு ஒரு கொள்கை வேறு இருந்தது. மில்லில் வேலை பார்த்தவன் இல்லையா? நல்ல பஞ்சில் நூற்ற நூல் ஒரு விலை, கழிவுப் பஞ்சில் நூற்றது ஒரு விலை. விலை இறங்கினால் நூல் அறும். மாத்திரையும் அப்படித்தான் என்று முடிவு செய்திருந்தேன். டீக்கடையில் நான்கு பேர் கேட்கும்படி இதை விளக்கவும் செய்வேன். நூலைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். மாத்திரையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் தலையாட்டினார்கள், டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

ஒருநாள் காலையில், வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டத்துப் பெண் ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். தோளில் பை, கையில் பிரஷர் மிஷின், முகமெல்லாம் வியர்வை.

"ஐயா, வீட்ல சுகரு, பிரஷரு யாருக்கும் இருக்கா? மாத்திரை இலவசமாத் தாரோம்."

"நாங்க அதெல்லாம் வாங்குற ஆளுங்க இல்லம்மா. வேற வீடு பாரு" என்றேன். பிச்சை கேட்டு வந்தவர்களிடம் பேசும் குரலில் பேசினேன். கொடுக்க வந்தவள் அவள். வாங்க வேண்டியவன் நான். இந்த வித்தியாசம்கூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் திரும்பி முறைத்ததும் உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அதைக் கொடுத்தது என் மனைவிதான்.

மாத்திரை விலை ஏறிக்கொண்டே போனது. என் பென்ஷன் ஏறவில்லை. மில் பென்ஷனைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்தச் சமயத்தில்தான் மாத முதல் வாரத்தில் நான் கடைக்குக் கிளம்பும்போது அவள் ஒரு பாட்டைப் பாட ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு மட்டும் வாங்கிட்டு வாங்க. எனக்கு இன்னும் இருக்கு."

"போன மாசமும் இருக்குன்னு சொன்னே?"

"இருக்குங்கேன்ல? இருக்கிறதத் தின்னு தீர்க்காண்டாமா?"

நான் ஆறுமாதம் இதை நம்பினேன். மூன்று நிமிடம் பிந்தி மில் கேட்டுக்குள் நுழைந்த தொழிலாளியைக் கண்டுபிடித்து அரை நாள் கூலியைப் பிடித்த டைம் ஆபீஸ்காரன் நான். முப்பது மாத்திரை எப்படி இரண்டு மாதம் வரும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியாது. செலவு மிச்சமானது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஒரு மாலை அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள், கண்ணைக் கசக்கிக்கொண்டே, "கண்ணுல பஞ்சு விழுந்திருக்கு, கொஞ்சம் பாருங்க" என்றாள். இந்த ஊரில் கண்ணில் பஞ்சு விழுவது அதிசயமா? இமையை விலக்கி ஊதினேன். போகவில்லை. மறுநாள் நூலாக ஓடுகிறது என்றாள். அதற்கு மறுநாள் வலது கண்ணில் மை கொட்டியது போல இருக்கிறது என்றாள். அப்போதுதான் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

கண் டாக்டர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் உட்காரவைத்து, நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?"

"சாப்பிடுதேனே" என்றாள் அவள், பெருமையோடு. "திங்கக்கிழமையும் வியாழக்கிழமையும் சர்க்கரைக்கு. செவ்வா, வெள்ளி பிரஷருக்கு. புதனும் சனியும் கொழுப்புக்கு. ஞாயித்துக்கிழமை ஒண்ணும் கிடையாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்படிச் சாப்பிடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. எங்க ஊர்ல தண்ணி இப்படித்தான் பாயும்."

அவள் பிறந்த ஊர் சுந்தரபாண்டியம். கண்மாய்த் தண்ணீர் குறைந்த வருடங்களில் அங்கே முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அடுத்தது. யாருக்கும் முழுசாகக் கிடைக்காது. யாருக்கும் இல்லாமலும் போகாது. அந்த முறையில் தன் உடம்புக்குள் மூன்று வியாதிகளுக்கும் மாத்திரையைப் பங்கு பிரித்திருந்தாள். ஒரு வியாதியும் குறை சொல்லிவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை மடையை மொத்தமாகச் சாத்திவிட்டாள். சத்தியமாக எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"அது வயலும்மா. இது ரத்தம். சர்க்கரையும் பிரஷரும் தினமும் ஏறும். வலது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ஏன் இப்படிப் பண்ணுனீங்க? மாத்திரை வாங்க முடியலையா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தே சொன்னாள். "இவியளுக்கு நெஞ்சு மாத்திரையும் இருக்குல்ல. அதுக்கே மாசம் எம்புட்டோ ஆகுது. மேமடை நெறஞ்ச பொறவுதானே கடமடைக்கு?"

கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல். அவள் அப்பாவின் வயல் கடைமடை. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடித்த பிறகு ஏதாவது மிச்சம் வந்தால் உண்டு. பெண் பார்க்கப் போனபோது நான்தான் கிண்டலாக, "கடமடைக்காரருக்கு மில்லுக்கார மருமகன் கெடச்சிருக்கான், இனிக் கஷ்டமில்ல" என்று சொன்னேன். இப்போது சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்த இருட்டறையில் எனக்கு அழுகை வந்தது. இருட்டாக இருந்ததும் ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வலது கண்ணுக்கு லேசர் வைக்கிறேன். எம்புட்டுத் திரும்பி வரும்னு சொல்ல முடியாது. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. அதையாவது காப்பாத்தணும்னா ஒரு நாள்கூட மாத்திரை நிக்கக் கூடாது. விலைதான் பிரச்சினைன்னா மானியக் கடையில வாங்குங்க. அதே மருந்துதான். மருந்துப் பேரா எழுதித் தாரேன்."

கம்பெனிப் பெயர் எதுவும் போடாமல், மருந்தின் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஒழுங்கான மனிதனாக இருந்தால் நேராகத் தெரு முனைக் கடைக்குப் போயிருப்பான். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் வரிசையில் நான் நிற்பதை டீக்கடை நால்வர் பார்த்துவிட்டால் என்ன ஆவது? ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னை யாருக்குத் தெரியும்? மனைவியின் இடது கண் ஊசலாடிக்கொண்டிருக்கும்போதுகூட என் முதுகுத்தண்டுக்கு அந்தத் திமிர் இருந்தது. என்னவென்று சொல்ல?

ஸ்ரீவில்லிபுத்தூர் மானியக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஆறேழு பேர். எனக்கு நேர் முன்னால் நின்றவரின் பின்கழுத்து பழகின மாதிரி தெரிந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவர் திரும்பினார். என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர். கல்யாண வீடுகளில் மோதிரம் தெரியும்படி கையை ஆட்டி ஆட்டிப் பேசுபவர்.

நான் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"என்ன சகலை, இந்தப் பக்கம்?" என்றார் அவர்.

"சும்மா. பால்கோவா வாங்கலாம்னு வந்தேன். நீங்க?"

"நானும் பால்கோவாதான்."

இரண்டு சர்க்கரை நோயாளிகள் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டு பால்கோவா வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டோம். எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

என் முறை வந்தது. கடையில் இருந்தது ஒரு இளம் பெண். மருந்தியல் படித்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது. சீட்டைப் பார்த்து மாத்திரைகளை எடுத்து வைத்தாள். விலையைச் சொன்னாள். ஒன்றைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"எல்லாத்துக்கும் சேத்துத்தான்யா."

நாற்காலிக் கடையில் நெஞ்சு மாத்திரை ஒன்றுக்கே அதைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கழிவுப் பஞ்சு நூல் ஞாபகத்துக்கு வந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, இம்புட்டுக் கம்மியா இருக்கே. இது கேக்குமா?"

அந்தக் கேள்வியைத் தினமும் நூறு பேர் அவளிடம் கேட்பார்கள் போலிருந்தது. அலுப்பில்லாமல் பதில் சொன்னாள். "கடை வைக்க எனக்கு அரசாங்கம் மானியம் குடுத்திருக்கு. மருந்த அவங்களே மொத்தமா வாங்கி, சோதிச்சு அனுப்புறாங்க. டிவியில விளம்பரம் கிடையாது. பெட்டியத் தூக்கிட்டு டாக்டர் டாக்டராப் போற ஆளுக்குச் சம்பளம் கிடையாது. அட்டையில தங்கக் கலரு கிடையாது. அதெல்லாம் நீங்க இதுவரைக்கும் குடுத்த காசு. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான்யா." பிறகு சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டாள். "ராஜபாளையமா? உங்க ஊர்லயே இருக்கே!"

நான் பைக்குள் சில்லறை தேடினேன். அவளே சொன்னாள். "பரவால்ல. அந்த ஊர்லருந்து நெறைய சார்மாருக இங்கதான் வாராங்க. எங்க ஊர் சார்மாருக பூராம் அங்க போறாங்க."

அப்படியானால் தினமும் இரண்டு ஊர் மரியாதையும் பஸ்ஸில் ஏறி, நடு வழியில் ஒன்றை ஒன்று கடந்துகொண்டிருக்கிறது. போக்குவரத்துக் கழகத்துக்கு நாங்கள்தான் மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் போல.

சொன்ன பொய்க்காக ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா வாங்க வேண்டியிருந்தது. ஒருவர் வாங்குகிறாரா என்று மற்றவர் நின்று பார்த்ததால் தப்பிக்க வழியில்லை. திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். மடவார்வளாகம் தாண்டி பஸ் ஊரை விட்டு வெளியேறியதும் சகலை மெல்ல வாயைத் திறந்தார்.

"ரெண்டு வருசமா இங்கதான் வாங்குதேன், சகலை. வீட்ல அவளுக்கும் சேத்து. நல்லாத்தான் கேக்குது."

இரண்டு வருடம். இரண்டு வருடமாக என் மைத்துனி இந்த மாத்திரையைத் தினமும் விழுங்கி நன்றாக இருக்கிறாள். நாலு தெரு தள்ளி அவளுடைய அக்கா முறை வைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவர் மேல் ஆத்திரம் பொங்கியது. பிறகுதான் உறைத்தது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? டீக்கடையில் போய், "சகலை ரேஷன் மாத்திரை திங்கிறாரு" என்று சொல்லிச் சிரித்திருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் பஸ் ஏறினார்.

வீட்டில் பையைப் பிரித்த என் மனைவி மாத்திரையை ஒரு பக்கமும் பால்கோவாவை ஒரு பக்கமும் எடுத்து வைத்தாள். இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போனவரு பால்கோவாவும் வாங்கிட்டு வந்திருக்கீங்க. வேலை இல்லாம மாத்திரை சும்மா கெடக்கக் கூடாதுன்னா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணுக்குக் கேடு வந்துவிடுமோ என்று பயந்துபோனேன். சிரித்து முடித்துவிட்டு, "அடுத்த மாசம் நம்ம தெரு முக்குக் கடைக்கே நான் போறேன். எனக்கு அங்க நிக்கிறதுல ஒண்ணும் கொறஞ்சு போகாது" என்றாள். பால்கோவாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அதற்குப் பிறகும் அவளைத் தனியாக அனுப்பினால் நான் மனிதனே இல்லை. அடுத்த மாதம் நானே போய் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. டீக்கடை நால்வரில் இருவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். என் நூல் கொள்கையைக் கேட்டுத் தலையாட்டிய அதே இரண்டு தலைகள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோருக்கும் அன்றைக்குப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வாசலில் வந்து நின்ற திட்டத்துப் பெண்ணையும் ஒருநாள் தெருவில் மறித்து, "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவளுக்கு என்னை ஞாபகமே இல்லை. அவளை அப்படி விரட்டியவன் நான் ஒருவன் மட்டும்தானா என்ன!

மாத்திரை ஒரு நாள்கூட நிற்கவில்லை. டைம் ஆபீஸ் புத்தி கடைசியில் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. காலை எட்டு மணிக்குத் தட்டில் இட்லி, பக்கத்தில் அவளுடைய மாத்திரைகள். எட்டு மூன்று ஆனால் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன். "ஏட்டி, மணியப் பாத்தியா?" என்பேன். "மில்லுச் சங்கு ஊதிருச்சுப்பா" என்று முனகிக்கொண்டே விழுங்குவாள். வலது கண்ணுக்கு மூன்று முறை லேசர் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே போனதும் நான் வெளியே உட்கார்ந்து, இடது கண்ணுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சில சாமிகளை முதன்முறையாகக் கூப்பிட்டேன்.

ஆறாவது மாதம் முடிவுப் பரிசோதனை. இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். கண் டாக்டர் முதலில் என்னுடைய பழைய தாளையும் புதுத் தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு எல்லாம் முன்ன இருந்த மாதிரியே கண்ட்ரோல்ல இருக்கே. பழைய மாத்திரைதானா?"

"இல்ல டாக்டர். எனக்கும் மானியக் கடைதான். ஆறு மாசமா."

"அப்படித்தான் இருக்கும். அதே மருந்துதானே." அவர் என் தாளைத் தள்ளி வைத்துவிட்டு அவளுடைய கண்ணுக்குள் விளக்கடித்தார். "இடது கண்ணு நின்னிருச்சும்மா. இனிப் பயமில்ல, மாத்திரைய மட்டும் விட்ராதீங்க. வலது கண்ணு இவ்வளவுதான். வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது."

இடது கண் தப்பியது என்று கேட்டதும் அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அவளோ சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, வெகு சாதாரணமாக, காய்கறி விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்ப இந்த மாத்திரையவே மொதல்லருந்து தினமும் தின்னுருந்தா, ரெண்டு கண்ணும் இருந்திருக்குமா டாக்டர்?"

டாக்டர் ஏதாவது மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். நேர்மையான மனிதர்.

"பெரும்பாலும் இருந்திருக்கும்மா."

நான் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் இப்போது முகத்தை முழுவதுமாகத் திருப்ப வேண்டும். திருப்பினாள்.